தலைப்பில் இருந்த இரண்டு நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பது, தூக்கம் ஐந்து மணி நேரம், பசி இருக்கிறது என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கருவி வைத்துப் பார்க்கக்கூடிய வரையில் நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதைவிட நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்த படம் வந்தது. சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, சார், வாஷர் மாத்தி மாத்தி எனக்கே அலுத்துப் போச்சு, குழாயையே மாத்திடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் மாற்றவில்லை, வாளி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம். சொல்ல வேண்டிய வேறொன்று இருக்கிறது, அதைப் பேச ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பாதியில் வேறு பக்கம் போய்விடுவேன், அதனால்தான் காகிதம். இத்துடன் மூன்று பக்கப் படிவம் ஒன்றும் கட்டுரை ஒன்றும் வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தை முடித்துவிடு.

கடைசி நாள்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட சின்ன டாக்டரம்மா உனக்கு நினைவிருக்கும், கண்ணாடி அடிக்கடி மூக்கில் இறங்கும் பெண். ஆறு வாரத்துக்கு முன்னால் போன் செய்து, அம்மாவின் நோயைப் பற்றி ஒரு மருத்துவ இதழுக்குக் கட்டுரை எழுதியிருப்பதாகவும், அனுப்பிய மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டதாகவும் சொன்னாள். தப்பு ஒண்ணுமில்ல சார், குடும்பத்தோட ஒப்புதல் கையெழுத்து இல்லாம அவங்க படிக்கவே மாட்டாங்களாம், வரலாமா என்றாள். வரச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பினாள். நான் முப்பத்தோரு வருடம் செய்தி எழுதியவன், ஒரு கட்டுரையை இப்படி வதைத்து அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு சொல், அதில் ஒன்று கூடக் கூடாது. மேற்கோள் பதினைந்து. வரிக்கு வரி இடைவெளி இரட்டை. எழுதியவர் பெயர் கட்டுரைக்குள் எங்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் கணினியே திருப்பி அனுப்பிவிடும். ஏழு முறை மாற்றி எழுதியிருக்கிறாள். அவளுடைய துறைத் தலைவர் பெயரும் எழுதியவர் பட்டியலில் இருந்தது. அவர் என்ன எழுதினார் என்று கேட்டேன். அவர் பேர்ல ஒரு இனிஷியல் விட்டுப்போயிருந்தது சார், அதைத் திருத்திக் கொடுத்தார் என்றாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இந்த ஒரு கட்டுரை வந்தால்தான் அவளுக்கு மேற்படிப்புக்கு இடம் என்பதையும் அன்றைக்கே சொன்னாள், கெஞ்சலாக இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல.

கட்டுரையில் அம்மாவுக்குப் பெயர் இல்லை. ஐம்பத்தொன்பது வயதுப் பெண், நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பணி, நீண்ட நேரம் நின்று வேலை செய்பவர், மூட்டு வலி, வேறு நோய் கிடையாது. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். மிகவும் அரிதான என்று இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்றை அடிக்கச் சொன்னேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருப்பதைக் காட்டும் படம் ஒன்று, புருவத்துக்கு மேலேயும் மூக்குக்குக் கீழேயும் வெட்டியிருந்தது. இடது கண் ஓரத்து மச்சம் தெரிந்தது. அதையும் மறைத்துவிடுவதாகச் சொன்னாள், சரி என்றேன். அப்புறம் தலைப்பைப் படித்தேன். வழக்கமான வலி மாத்திரை இரண்டே நாளில் கல்லீரலைச் செயலிழக்கச் செய்த நிகழ்வு, என்பது தலைப்பு. அந்த இரண்டு நாள் தலைப்பில் ஒரு முறை, சுருக்கத்தில் இரண்டு முறை, முடிவுரையில் மூன்று முறை வருகிறது. இவ்வளவு சீக்கிரம் ஆனதாக இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறோம் என்று இதழாசிரியருக்கு எழுதிய கடிதத்திலும் இருந்தது. கட்டுரை முழுக்க அந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தவன் நான். கேஸ் ஷீட்டில், தகவல் தந்தவர் கணவர் என்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, இருபத்தொன்றாம் தேதி, ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரை எத்தனை நாளாச் சாப்பிடறாங்க என்று கேட்டார்கள். ரெண்டு நாள் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை அம்மாவின் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று விடுமுறை, வீட்டில் இருந்தாள், முட்டி வலிக்குதுங்க, முனைக் கடையில ஒரு அட்டை வாங்கிட்டு வாங்க என்று பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள், வாங்கி வந்தேன். பத்து மாத்திரை, அதில் நான்கு தீர்ந்திருந்தது. நான் வாங்கிய நாளிலிருந்து எண்ணினேன். அவள் விழுங்கிய நாளிலிருந்து எண்ணவில்லை. சீட்டில் பெயரை அவ்வளவு சரியாக எழுதிக் கொடுக்கிறாளே, இதற்கு முன்னால் எங்கே வாங்கினாள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பத்திரிகையில் புதிதாக வந்த எந்தப் பையனும் கேட்டிருப்பான். பக்கத்தில் அம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், அவள் கேட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அலுவலகத்திலிருந்து அவளுடைய மேசைச் சாமான்களை ஒரு அட்டைப் பெட்டியில் கட்டி அனுப்பினார்கள் என்று உன்னிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடி, டம்ளர், அளவுகோல், உன் கல்யாணப் படம் என்று பட்டியல் சொன்னேன். பென்சில் டப்பாவைச் சொல்லவில்லை. அதன் அடியில் அதே மாத்திரையின் மூன்று காலி அட்டைகள் ரப்பர் போட்டு இருந்தன. அம்மா எதைத் திறந்தாலும் தேதி போடுவாள் இல்லையா, பசை டப்பாவுக்கே போடுவாள். மூன்றிலும் பின்பக்கம் அவளுடைய மெல்லிய பேனாவில் தேதி இருந்தது. நான்கு, ஒன்பது, பதினான்கு. ஒரு அட்டை ஐந்து நாள். பதினெட்டாம் தேதி வியாழக்கிழமையோடு மூன்றாவது தீர்ந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை அலுவலகம் கிடையாது, அதனால் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போக முடியவில்லை, அதனால்தான் என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆக மொத்தம் பதினேழு நாள். நடுவில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறது, ஏழும் பதினான்கும். அந்த இரண்டு நாளும் அவள் இந்த வீட்டில் வைத்துத்தான் விழுங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை. அவள் சாப்பாட்டைத் தள்ளி வைத்தது ஞாபகம் இருக்கிறது. வெயில் என்று சொன்னாள், எழுதிக்கொண்டேன் என்று சொல்வது போல நானும் தலையாட்டினேன்.

டப்பாவை மூடிப் பரணில் வைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. இரண்டு நாள் என்றால் அது இடி விழுந்த மாதிரி, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. பதினேழு நாள் என்றால் அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருந்தான். காரணம் அவ்வளவுதான். அழுகை வரவில்லை பாப்பா, இப்போதும் வரவில்லை, கை கழுவினால் தண்ணீர் சூடா குளிரா என்று தெரியாத மாதிரி இருக்கிறது. டாக்டர் பெண் படிவத்தை என் பக்கம் தள்ளிப் பேனாவையும் திறந்து வைத்தபோது, கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தது. பேனாவின் மூடியைப் போட்டுவிட்டு ஏணியை எடுக்கப் போனேன்.

மூன்று அட்டைகளையும் அவள் வரிசையாக வைத்து விரலை மடக்கி எண்ணினாள், மறுபடி எண்ணினாள். எப்ப கிடைச்சுது சார் என்றாள். நாலு மாசம் என்றேன். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். அப்புறம், நான் உங்களை இன்னொரு தடவை கேட்டிருக்கணும் சார், ஒரு போன், அவ்வளவுதானே என்றாள். என் தவறில் அவளும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லும் மரியாதைகூட எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. மறுவாரம் அட்டைகளைத் துறைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர், கேஸ் ஷீட்ல என்ன இருக்கோ அதுதான் சாட்சி, காலி அட்டையில பேனாவால யார் வேணா எதை வேணா எழுதலாம், பேசாம அனுப்பும்மா என்றாராம். திரும்பி வந்து அதை அப்படியே என்னிடம் சொன்னாள். நீங்க கையெழுத்துப் போட்டாப் போயிடும் சார், போடலைன்னா போகாது என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது அச்சில் வந்து எங்கோ ஒரு டாக்டர் படித்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், ரெண்டு நாள்லயே வரும்னு நம்பிட்டா, அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்கன்னு யாரும் தோண்டிக் கேக்க மாட்டாங்க சார் என்றாள். சொன்ன பிறகு அவளே பழைய படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புதிதாக எழுதினாள். இப்போது தலைப்பில் எண் இல்லை. இதுவரை யாரும் காணாதது என்ற வரியும் இல்லை, பதினேழு நாள் என்பது முன்பே பலர் கண்டதுதானாம். பெரிய இதழ் எடுக்காது, சின்ன இதழ் ஒன்றுக்குப் போகிறது, அதுவும் எடுப்பார்களோ மாட்டார்களோ. துறைத் தலைவர் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டார், இனிஷியலோடு. மேற்படிப்பு இடம் இந்த வருடம் கிடையாது என்றாள், அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார், ஆஸ்பத்திரி எங்க போயிடப் போகுது என்றாள். கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன் பார். மாத்திரை உட்கொண்ட காலம் இரண்டு நாள் என்று நோயாளியின் கணவர் முதலில் தெரிவித்தார், பின்னர் கிடைத்த தேதியிட்ட காலி அட்டைகளின்படி அது பதினேழு நாள். இதை நான்தான் எழுதிக் கொடுத்தேன், அவள் ஆங்கிலத்தில் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் தவறுக்குப் பத்திரிகையில் இரண்டாம் பக்கத்தின் அடியில் எத்தனையோ திருத்தம் எழுதியிருக்கிறேன், இதுவும் அதே நீளம்தான் வந்தது.

முனைக் கடைக்காரரை நீ போனில் என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியும், நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை. எமனுக்கு ஏஜெண்டா நீங்க என்று கேட்டாய். போன வாரம் போய் விஷயத்தைச் சொன்னேன். கல்லாவில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பொண்ணு அம்மாவைப் பறிகொடுத்தது சார், நாலு வார்த்தை பேசத்தான் செய்யும், நான் அன்னைக்கே விட்டுட்டேன் என்றார். அவர் விட்டுவிட்டார் என்பதற்காக நீ விட்டுவிடாதே, இரண்டு வரி எழுதிப் போடு. என்னைப் பற்றி உனக்கு என்ன தோன்றினாலும் அதையும் எழுது, சுற்றி வளைக்க வேண்டாம். கொஞ்ச நாள் எழுதாமல் இருக்கத் தோன்றினால் அதுவும் சரி.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். குட்டி நன்றாக வளரட்டும், உங்கள் வீட்டில் ஒருவருக்கு முட்டி வலித்தால் மற்றவருக்குத் தெரியட்டும், என் ஆசீர்வாதம் இவ்வளவுதான். மறக்காமல் செய்ய வேண்டியது, இந்த இதழுக்கு நெருங்கிய உறவினர் இருவர் கையெழுத்து வேண்டும். கட்டுரையைப் படித்த பிறகு போடு, படிக்காமல் போடாதே. படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் முதல் வரியில் நான் போட்டிருக்கிறேன், இரண்டாவது உனக்கு. உன் வரியில் தேதியையும் முகவரியையும் நிரப்பிவிட்டேன். நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தை மட்டும் விட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை நீயே எழுது.

இப்படிக்கு,
அப்பா