ஒட்டிவிட்ட புடவை

செப்டம்பர் 20, சனி

மனசு ஆறவில்லை. மகள் நிலாவுக்காக நானே கணினியில் வரைந்து, தடித்த தாளில் அச்சடித்த காகிதப் பொம்மை அது. அதற்கு எத்தனை உடைகள் செய்தேன். தோளில் மடித்து மாட்டும் காதுகள் அறுந்துபோகாமல் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வெட்டினேன்.

மேல்வீட்டு வங்காளத்து மௌசுமி (நிலாவுக்கு அவள் ‘காகிமா’, அவர்கள் மொழியில் சித்தி) கேட்டாளே என்று அவளுக்கும் பொம்மையை ஒரு பிரதி எடுத்துக் கொடுத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும். அதில் அளவு வைத்து, துர்கா பூஜைக்கு, அவள் வாயில் ‘பூஜோ’வுக்கு, என்று சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை ஒன்றைக் கையாலேயே வரைந்து அனுப்பியிருக்கிறாள். மாட்டுவதற்குக் காது வைக்க மறந்துவிட்டாள். எப்படியும் நழுவிவிடும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மாலையில் பார்த்தால் புடவை கச்சிதமாக நிற்கிறது.

“கம் போட்டு ஒட்டிட்டேம்மா. பூஜோவுக்கு மட்டும் இல்ல, எப்பவுமே காகிமா புடவைதான்.”

“அப்போ அம்மா பண்ணின டிரெஸ்?”

“அது டப்பால இருக்கட்டும்.”

பொம்மையின் ஃபைல் என்னிடம்தானே இருக்கிறது. உடனே புதிதாக ஒன்றை அச்சடித்து, வெட்டி, நிலாவிடம் நீட்டினேன்.

அதை வாங்கிக்கொண்டு நேரே மாடிக்கு ஓடினாள், காகிமாவிடம் இன்னொரு புடவை கேட்க.