ஒல்லாந்தர் பயந்த மீன்

2008 மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் பனி. பஸ் அரைமணி தாமதம். நூலகத்தில் நான் துடைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் புதிதாக ஒரு பழைய படம். ஒல்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம், ஆயிரத்து அறுநூறுகளில். சுற்றிவரத் திருவிழாச் சனம். ஒருவன் மேலே ஏறிக் கோலால் அளக்கிறான். ஒரு துரை மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். யுத்தம் வரும், கொள்ளைநோய் வரும் என்று நடுங்கினார்களாம், கீழே இந்த ஊர்ப் பிரெஞ்சில் எழுதியிருந்தது. சிரிப்பு வந்தது. மன்னாரைப் பிடித்து, எங்கள் கத்தோலிக்கக் கோயில்களைப் பூட்டி, எங்களை மூடநம்பிக்கைக்காரர் என்ற அதே ஒல்லாந்தர்!

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வர, மன்னார்க் கரையிலிருந்து தங்கச்சி செலீனின் போன். என்ன அதிசயம் — அங்கேயும் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியிருக்கிறதாம். ட்ரக்டரில் வந்து பார்க்கிறார்களாம்.

"கூடாத சகுனம் எண்டு சனம் கதைக்குது, அண்ணை. ஷெல் குண்டும் கிட்ட விழுது. இவர் வள்ளத்திலை இந்தியாவுக்குப் போவம் எண்டுறார். நீங்கள் சொன்னாத்தான் வெளிக்கிடுவன்."

அப்பா செத்தபிறகு, அவள் கலியாணம் உட்பட எல்லாம் நான் சொல்லித்தான். படத்தின் கதையைச் சொல்லிச் சிரித்தேன். "ஒல்லாந்தன்ரை பயத்தை நீ ஏன் சுமக்கிறாய், பிள்ளை? பேசாமல் இரு."

அவளும் சிரித்தாள். "அப்ப நிக்கிறன்."

மார்ச் 10

ஷெல்லைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லையே?

செப்டெம்பர் 21

ஆறு மாதமாகத் தொடர்பில்லை. வன்னிக்குள் இடம்பெயர்ந்துவிட்டார்களாம். "அண்டைக்கு ஏனப்பா சிரிச்சனீங்கள்?" என்று மனைவி அஞ்சலீனா கேட்டாள். எரிந்து விழுந்தேன். இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன்: படிச்ச ஆள்போலக் கதைக்க எனக்கு ஆசை. தும்புத்தடி பிடித்துக் கூட்டுகிறவனுக்கு ஒரு விசயம் தெரிந்துவிட்டது, அதைக் காட்ட வேணும். அதற்கு அவளா கிடைத்தாள்? சீ, என்ன மனுசன் நான்.

2009 ஜூன் 7

செலீன் கதைத்தாள். யுத்தம் முடிந்து சனத்தை அடைத்துவைத்திருக்கும் முகாமிலிருந்து, ஆருடையதோ போனில். அவள் புருசன் இல்லை. ஏப்ரலில், பதுங்குகுழி வாசலில் வைத்து ஷெல். ஐயோ, என்னை ஒரு சொல் ஏசியிருக்கலாமே! ஏசேல்லை. "அழாதேங்கோ அண்ணை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இஞ்சை ஒராள் வெளியிலை எடுத்துவிடுறன் எண்டுறான். போகவோ, நிக்கவோ? நீங்கள் சொல்லுங்கோ."

போ என்றோ நில் என்றோ இனி நான் எப்படிச் சொல்ல? அவள் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டே இருந்தாள். பிறகு தொடர்பு அறுந்தது.

ஜூன் 28

செலீன் மன்னார் டவுனில், கன்னியாஸ்திரிகளின் மடத்தில். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அழைத்தாள்.

"உங்களைக் கேக்காமல் வெளிக்கிட்டிட்டன் அண்ணை, கோவிக்காதேங்கோ."

நல்லது செய்தாய் என்று சொல்லக்கூட எனக்கு வாய் கூசியது.