வைசாக்கேயின் பிடரி

ஜூன் 8, 1998

காலையில் ஆற்றில் ஒரு மீன் பிடித்தேன். கதவு நீளம். சரி, ஜன்னல் நீளம். அதைத் தங்கை மெரியோனி வீட்டுக்குக் கொண்டு போனேன். அவள் புருஷன் வைசாக்கே பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இடது பாதத்தில் தலையணை பருமனுக்குக் கட்டு. சர்க்கரை வியாதி. டிசம்பரில் பாதத்தை எடுத்துவிட வேண்டும் என்று தலைநகர் சுவாவில் டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"இதை நீயா பிடிச்ச? வயசாகி, தானா வந்து கரையில படுத்திருக்கும்."

"உன் சமையலை நினைச்சுச்சு, அதுலயே செத்துப்போச்சு" என்றேன்.

நாங்கள் மச்சான்கள். இப்படித்தான் பேச வேண்டும். ஒழுங்காகப் பேசிக்கொண்டால் ஏதோ சண்டை என்று ஊர் நினைக்கும். மச்சான் கிண்டலுக்குக் கோபப்படுகிறவனை இந்த ஆற்றங்கரையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

பிறகு மெதுவாகச் சொன்னான்: "கால் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நடக்கணும், கமினியேலி. நவம்பர்ல. உங்க எல்லாரோடயும்."

ஒவ்வொரு நவம்பர் பதினொன்றாம் தேதியும் மலாயா காட்டுச் சண்டைக்குப் போன நாங்கள் பதக்கத்தைக் குத்திக்கொண்டு சுவாவில் அணிவகுத்துப் போகிறோம். இவன் தெருவோரத்தில் என் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதே காட்டில் அதே அட்டைப்பூச்சி கடித்தவன்தான். ஆனால் ராணுவப் பதிவில் இவனுக்குப் போர்ப் பதக்கம் இல்லை. பதக்கம் இல்லாதவனுக்கு வரிசையில் இடம் இல்லை. எழுத்தன் எவனோ தூங்கிவிட்டான் என்று நாற்பத்திரண்டு வருஷமாக நானும் சொல்லி வருகிறேன்.

"ஒரு வாரத்துல திருத்திடறேன். மந்திரிமாரெல்லாம் என் சிரட்டையில யங்கோனா வேர்ச்சாறு குடிச்சவங்க" என்றேன்.

ஒரு மந்திரி. அவரும் அப்போது மந்திரி ஆகவில்லை.

ஜூன் 15

சுவா. ராணுவப் பதிவு அலுவலகம். அதேத்தா என்று ஒரு பெண், பெரிய கண்ணாடி.

"நேர்ல பார்த்தவர் ஒருத்தர் எழுதிக் கொடுக்கணும், மாமா."

"என்னை விட நேர்ல பார்த்தவன் இந்தத் தீவுலயே கிடையாது."

காட்டில் எங்கள் மேல் சுட்ட நாளைப் பற்றி அங்கேயே உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கை என்று யாரும் சொல்ல முடியாது. எதிரிகள் நாற்பது பேர். மூன்றாம் பக்கத்தில் ஒரு புலி.

ஜூலை 2

அதேத்தா கூப்பிட்டனுப்பினாள். மேசையில் என் ஆறு பக்கமும் இருந்தது. பக்கத்தில் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் பழைய மலர் ஒன்று.

"மாமா, இந்த மலர்ல எதிரி பன்னிரண்டு பேர்னு எழுதியிருக்கீங்க. ரேடியோவுல இருபத்தஞ்சுன்னு சொன்னதா எங்க அப்பா சொல்றார். இதுல நாப்பது. நான் எதை மேல அனுப்பறது?"

"வருஷம் ஆக ஆக ஞாபகம் வளருது, பொண்ணே."

அவள் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். "நான் சிரிக்கலாம். மேல இருக்கறவங்க சிரிச்சா உங்க மச்சானுக்குப் பதக்கம் வராது."

அப்புறம் 1956-ஆம் வருஷத்து மூலப் பதிவைத் தேடி எடுத்ததாகச் சொல்லி, ஒரு பழுப்புத் தாளைக் காட்டினாள். கடைசியில் குறிப்பு என்ற இடத்தைப் படித்தாள்: "உடன் பணியாற்றியவர் கூற்றுப்படி, முகாம் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை."

"யாரு மாமா அந்த உடன் பணியாற்றியவர்? அநியாயமா சொல்லியிருக்காரே."

தண்ணீர் கேட்டேன்.

ஜூலை 3

எழுத்தன் தூங்கவில்லை.

ஜூலை 6

எழுதிவிடுகிறேன். இங்கேதானே.

1956. மலாயாவிலிருந்து கப்பலில் ஊர் வந்து இறங்கிய வாரம். ரோந்துப் புத்தகங்கள் நனைந்து கூழாகிவிட்டன. அதனால் எழுத்தர் ஒவ்வொருவனையும் பற்றி அடுத்தவனிடம் கேட்டார். வெளிநாட்டு ஆள், வெயிலில் சிவந்துபோயிருந்தார். வைசாக்கே சமையல்காரனாகச் சேர்ந்தவன். ஆள் குறைந்ததும் துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள். ஒன்பது மாதம் எங்களோடு நடந்தான்.

"இவன் காட்டுக்குள் வந்தானா?" என்று எழுத்தர் கேட்டார்.

நான் சொன்னேன்: "இவனா? வேட்டுச் சத்தம் கேட்டா பெரிய சட்டிக்குள்ள இறங்கி மூடியைப் போட்டுக்குவான். சமையல்கட்டை விட்டு வந்ததே இல்ல."

கூடாரமே சிரித்தது. மச்சானைப் பற்றிக் கேட்டால் வேறு என்ன சொல்வது? நல்லவன், தைரியசாலி என்றா? அப்படிச் சொல்லியிருந்தால்தான் எங்கள் ஆட்கள் ஒருமாதிரி பார்த்திருப்பார்கள். எழுத்தர் சிரிக்கவில்லை. எழுதினார். நான் அதைப் பார்த்தேன். மையை ஒற்றி எடுத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

பார்த்தேனா, இப்போது சேர்க்கிறேனா? பார்த்தேன்.

ஜூலை 19

இரண்டு வாரமாக அவர்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. இன்று மெரியோனி வந்து என் அடுப்பங்கரையில் நின்றாள். அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் இன்னும் உண்டு. அவள் என் பானையைப் பார்த்துப் பேசினாள்.

"பானையே, ஒரு வாரத்துல முடிக்கறேன்னு சொன்ன ஆளு ஒளிஞ்சுக்கிட்டு இருக்காரு. அங்க ஒருத்தர் தினம் எழுந்து வீட்டைச் சுத்தி நடந்து பழகறாரு. புண்ணுல ரத்தம் வருது. இதை யார்கிட்டயாவது சொல்லு."

மரவள்ளிக்கிழங்கை வைத்துவிட்டுப் போனாள். கிழங்கை உரித்து அந்தப் பானையில் போட்டேன்.

ஆகஸ்ட் 2

என் அண்ணன் பெட்டியில் இருந்த திமிங்கலப் பல்லை வாங்கிக்கொண்டு போனேன். தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்க அதைக் கையில் ஏந்தி, தலை குனிந்து உட்கார வேண்டும். மச்சானுக்கு மச்சான் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

என்னைப் பார்த்ததுமே வைசாக்கே, "என்னடா இது, பல்லு கட்டப் போறியா?" என்றான்.

நான் பதில் கிண்டல் பேசவில்லை. அவன் முகம் மாறியது. எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தர், சட்டி, மூடி, எல்லாம். ஒன்றும் கூட்டவில்லை.

பாயின் ஓரத்தைத் தடவினான்.

"எனக்குத் தெரியும். கூடாரத்துக்கு வெளிய நான்தான் அடுத்த ஆளு. காதுல விழுந்துச்சு. நானும் சிரிச்சேன்."

"அப்ப ஏன்டா இத்தனை வருஷம் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கோபப்பட்ட மாதிரி ஆயிடும். மச்சான் கிண்டலுக்குக் கோபப்படலாமா?" கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். "நீயே ஒரு நாள் சொன்னதைத் திருப்பி எடுத்துக்குவன்னு இருந்தேன். ஒவ்வொரு நவம்பருக்கும் உன் குடையைத் தூக்கிட்டு வந்தது வேற எதுக்கு?"

நாற்பத்திரண்டு குடை.

திமிங்கலப் பல்லை வாங்கிக்கொண்டான். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கைகளைக் குவித்துத் தட்டினான். மெரியோனி கோழியிடம் ஏதோ சொன்னாள். குரல் சரியாக இல்லை.

ஆகஸ்ட் 4

அதேத்தாவிடம் கொடுத்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன். அரைப் பக்கம்தான். ஆறு பக்கத்தை விட இதற்குத்தான் நேரமாயிற்று.

"1956-இல் வைசாக்கேயைப் பற்றி நான் சொன்னது கிண்டல். அவன் ஒன்பது மாதம் காட்டில் ரோந்து வந்தான். 1954 மார்ச்சில் எங்கள் மேல் சுட்டார்கள். எனக்குக் கடும் காய்ச்சல், நடக்க முடியவில்லை. வைசாக்கே திருப்பிச் சுட்டான். பிறகு என்னை முதுகில் தூக்கி ஆற்றைக் கடந்து ஐந்து மணி நேரம் நடந்தான். எதிரிகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அவன் பிடரியை மட்டும். அதில் இடப்பக்கம் ஒரு தழும்பு உண்டு. புலி எதுவும் வரவில்லை."

அதேத்தா இரண்டு முறை படித்தாள். "கடைசி வரி வேண்டாமே, மாமா."

"இருக்கட்டும்."

செப்டம்பர் 21

தபால் இல்லை.

அக்டோபர் 12

தபால் இல்லை. அவனுக்கு ஒரு கால்விரல் போய்விட்டது. கட்டுக்கு மேலேயே பழைய பூட்ஸைப் போட்டுப் பார்க்கிறான். நுழையவில்லை. பூட்ஸின் பக்கவாட்டைக் கத்தியால் கிழித்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 30

வந்துவிட்டது. பதிவு திருத்தப்பட்டது என்று ஒரு தாள், முத்திரையோடு. பதக்கம் அடுத்த வருஷம்தான் வருமாம். என் பதக்கத்தைக் கழற்றி நீட்டினேன்.

"உன்னுது வேண்டாம். அதுல புலி நாத்தம் அடிக்குது" என்றான். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நவம்பர் 11

சுவாவில் மழை. குடை பிடிக்க ஆள் இல்லை, நனைந்தேன். வைசாக்கே முன்வரிசையில். நான் அவனுக்குப் பின்னால் இடம் கேட்டு வாங்கினேன். கிழித்த பூட்ஸோடு முழுத் தூரமும் நடந்தான். பாட்டு எதுவும் என் காதில் விழவில்லை. தழும்பு இடப்பக்கம்தான்.

நவம்பர் 14

இன்று அவர்கள் வீட்டில் யங்கோனா. மரியாதைக்குரிய முதல் சிரட்டை வைசாக்கேக்கு. ஊரே உட்கார்ந்திருந்தது. அன்று எதிரிகள் எத்தனை பேர் என்று யாரோ அவனிடம் கேட்டார்கள். அவன் என் பக்கம் கையைக் காட்டினான். எல்லாரும் வாகாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

"தெரியாது. நான் அவன் பிடரியைத்தான் பார்த்தேன்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிண்டல் என்று நினைத்துவிட்டார்கள். வைசாக்கே மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த சிரட்டையை என் பக்கம் அனுப்பச் சொன்னான்.