காது மெஷின் திரும்பி வந்தது

நவம்பர் 18, செவ்வாய்

வென்றுவிட்டோம். சிறையில் சேர்த்த அன்றே தம்பியின் காது மெஷினை வாங்கி வைத்துவிட்டார்கள். பெயர் கூப்பிட்டது கேட்காமல் நின்றவனை, கட்டளையை மீறினான் என்று தனியறையில் அடைத்தார்கள். அவன் உள்ளே கொடுத்த முறைப்பாடுகளுக்குப் பதிலே இல்லை. கடைசியில் நான், அரசாங்க இடங்களைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு எழுதினேன். அங்கிருந்து ஒரு விசாரணை அதிகாரி நேரே சிறைக்குப் போய்ப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இன்று மத்தியானம் அவரே அழைத்தார். மெஷினைக் கொடுத்துவிட்டார்களாம், தனியறைத் தண்டனையையும் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்களாம்.

பின்னேரம் தம்பி சிறையிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். ஐந்து மாதமாக அவன் பேசுவான், நான் சொல்வது அவனுக்குக் கேட்காது. பழக்கத்தில், நான் இருக்கிற மல்வேர்ன் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"மெல்லக் கதையுங்கோ அக்கா. வடிவாக் கேக்குது."

சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"சாப்பிட்டியோ?"

"ஓம்," என்றான். கேட்டதற்குப் பதில் சொன்னான்.