ஊருக்கு ஒரே கார்

பிப்ரவரி 3

காலையில் ஒரு வக்கீல் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. கதவை நெம்பித் திறந்து ஆட்களை வெளியே எடுப்பதற்குள் அவர்களில் ஒருவர் எங்கள் மேல் கேஸ் போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். லிஃப்ட் பராமரிப்பு அப்படிப்பட்ட தொழில். ஓடுகிறவரை நம்மை யாரும் நினைப்பதில்லை. நின்றால் குடும்பத்தோடு நினைப்பார்கள்.

மத்தியானம் மச்சான் ஃபோன் செய்தான். சொந்த அக்காவைக் கூப்பிடாமல் அக்கா புருஷனைக் கூப்பிட்டால் விஷயம் கார் என்று அர்த்தம். பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவன், கார் என்றால்தான் தன் வாயைத் திறப்பான். ஷோரூமுக்குத் துணைக்கு வரச் சொன்னான். போனேன்.

இந்தக் காரைக் காசை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவிட முடியாதாம். உலகம் முழுக்கச் சில நூறுதான் செய்வார்களாம். நாம் காரைப் பொறுக்குவதில்லை, கம்பெனி நம்மைப் பொறுக்கும். முதலில் அவர்களுடைய சாதாரணக் கார் ஒன்றாவது வாங்கியிருக்க வேண்டும். அதை வெளி மெக்கானிக்கிடம் காட்டாமல் அவர்களிடமே சர்வீஸ் விட்டிருக்க வேண்டும். அவர்கள் வைக்கிற விருந்துக்கெல்லாம் போய்த் தலையைக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் விண்ணப்பம். ஏன் இந்தக் கார், எங்கே நிறுத்துவீர்கள், எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு வருஷத்துக்கு விற்கக் கூடாது. வாங்கிய கையோடு அதிக விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டாம். அப்படி ஒரு பேர் வந்துவிட்டால் அப்புறம் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

“இதுக்கு ஒரு வீட்டுக்கு மருமகனா போறது சுலபம்டா” என்றேன். சிரித்தான்.

காட்சிக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். தாழ்வாக, தரையோடு ஒட்டி, ஓடத் தயாராகக் குனிந்து நிற்கிற மாதிரி. இரண்டே ஸீட். மச்சான் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி என்னை உட்காரச் சொன்னான். விளையாட்டாகத்தான் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 4

அந்த ஸீட்டே நினைப்பாக இருக்கிறது. இந்த வயசில் இது என்ன கூத்து.

பிப்ரவரி 19

விண்ணப்பித்துவிட்டேன். யோசனை என்னுடையது இல்லை, மச்சானுடையது. கம்பெனி வேலைக்கு நான் வைத்திருக்கும் பெரிய கார் அதே நிறுவனத்துடையது. ஒரு சர்வீஸ்கூடத் தவறியதில்லை, டிரைவர் புண்ணியம். அதனால் எனக்கும் தகுதி இருக்கிறதாம். வீட்டிலிருந்து இரண்டு பேர் போட்டால் வாய்ப்பு இரண்டு மடங்கு என்றான். யாருக்குக் கிடைத்தாலும் இரண்டு பேரும் ஓட்டலாம்.

ஏன் இந்தக் கார் வேண்டும் என்ற கேள்விக்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். தன்னுடையதைவிட என்னுடையதற்கு அதிக நேரம் செலவழித்திருப்பான் என்று நினைக்கிறேன். என் மனைவி பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனுக்கு விடை காட்டி மாட்டிக்கொண்டவன்தானே இவன் என்றாள்.

மார்ச் 14

ஷோரூம் மேனேஜர் அம்மா என் ஆபீசுக்கே வந்திருந்தார். இப்படி ஆளை நேரில் வந்து பார்ப்பதும் அவர்கள் முறையாம். சுவரில் மாட்டியிருக்கும் லிஃப்ட் வரைபடங்களைப் பார்த்தார், டீ குடித்தார், பொதுவாகப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“இந்த ஊருக்கு ஒரு கார்தான் சார் ஒதுக்கியிருக்காங்க. கடைசியில ரெண்டு பேரு நிக்குது. ரெண்டும் உங்க வீட்டுப் பேரு.”

டாக்டர்தான் பழைய வாடிக்கையாளர், அவருக்குத்தான் முதலிடம் என்றார். ஒரே ஒரு தடங்கல். முன்பு வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை அவர் வருஷம் திரும்புவதற்குள் விற்றுவிட்டார். மேலிடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“காரணம் ஏதாவது இருந்தா எழுதி அனுப்பிடுவேன். உங்களுக்குத் தெரியுமா சார்?”

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அவன் மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன், அப்புறம் இன்னொரு ஆபரேஷன். ஆஸ்பத்திரி நடையில் அவனோடு உட்கார்ந்திருந்தது நான். கார் வாங்க வந்தவனிடம் அவன் சாவியைக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றதும் நான்தான். சாவியைக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டான்.

இதில் பாதியைச் சொல்லியிருந்தால் போதும்.

நான் சிரித்தேன். “அவனுக்கு எதுவும் சீக்கிரம் சலிச்சுப்போயிடும் மேடம்” என்றேன்.

அவரும் சிரித்தார். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 15

முழுப் பொய் என்று சொல்ல முடியுமா? வருஷத்துக்கு ஒரு செல்ஃபோன் மாற்றுகிறவன்தானே. நானும் இத்தனை வருஷம் ஓடியாடி உழைத்துவிட்டு எனக்கென்று எதையும் கேட்டதில்லை. ஆசைப்பட்டது தப்பா —

இல்ல. யாருக்கு சமாதானம் சொல்லிக்கிட்டிருக்கேன்? கேள்வி கேட்டாங்க, பதில் தெரியும், சொல்லல. அவ்வளவுதான்.

ஃபோன் செய்து திருத்திச் சொல்லலாம். நாளைக்குச் செய்யலாம்.

மார்ச் 20

செய்யவில்லை.

ஏப்ரல் 6

எனக்குக் கிடைத்துவிட்டது.

மச்சானுக்கும் ஃபோன் செய்து சொல்லியிருக்கிறார்கள். நான் கூப்பிடத் தைரியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அவனே மனைவியோடு வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக வந்து கட்டிக்கொண்டான். “நம்ம வீட்டுக்கு வருது அத்தான். அது போதும்” என்றான்.

பெண்கள் இரண்டு பேரும் உள்ளே போன பிறகு அவன் சோபாவில் பிரிந்திருந்த நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, தன்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று தெரியவில்லை என்றான். என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன். ஏற்கனவே குறைவாகத்தான் இருந்தது.

மே 11

நிறம், தோல், தையல் நூல் எல்லாம் நாமே சொல்ல வேண்டுமாம். தோல் துண்டுகளை மேஜை முழுக்கப் பரப்பிவைத்தார்கள். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரிந்தது. மச்சான் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான், விரலால் தடவினான், வேண்டாம் என்று வைத்தான், மறுபடி எடுத்தான். ஆழ்ந்த பச்சை, உள்ளே பழுப்புத் தோல், நூல் மட்டும் வெளிர் மஞ்சள். அவன் மனசில் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்த கார் அது. எனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டான்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 2

மேனேஜர் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். கார் வருவதற்கு முன்னால் மச்சான் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஒதுக்கீட்டில் பெயர் மாற்ற வழியே இல்லையாம். நான் வேண்டாம் என்றால் வேறு ஊருக்குப் போய்விடும். அடுத்த முறையாவது அவனுக்கு, என்று இழுத்தேன். நிறுவனம் அவர் பெயரை எடுத்துவிட்டது, இனி இந்த மாதிரிக் கார்களுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றார்.

இந்தக் கார் ஒன்றுதான் போச்சு என்று நினைத்திருந்தேன்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? ஆபரேஷன் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால், அன்றைக்கு ஏன் சார் சொல்லவில்லை என்று கேட்பார். தேங்க்ஸ் மேடம் என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18

சரியாகச் சாப்பிடுவதில்லை, டாக்டரைப் பார் என்கிறாள் மனைவி. எந்த டாக்டரை.

அக்டோபர் 21

இன்றைக்குக் கார் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான், மனைவி, மச்சான் மூன்று பேரும் போனோம். மச்சான் மனைவிக்கு ஸ்கூலில் பரீட்சை வேலை, லீவு கிடைக்கவில்லை. காரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். துணியை மச்சானையே எடுக்கச் சொன்னேன். அவன் மெதுவாக இழுத்தான். அந்தப் பச்சை வெளியே வந்தபோது அவன் கண் கலங்கியது. சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

போட்டோ எல்லாம் எடுத்து முடிந்து காபி கொடுத்தார்கள். மச்சான் விளையாட்டுப் போல, அடுத்த தடவை ஏதாவது வந்தால் தன்னையும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னான் மேனேஜர் அம்மாவிடம். அவரும் விளையாட்டாகத்தான் பதில் சொன்னார்.

“உங்களுக்குத்தான் எதுவும் சீக்கிரம் சலிச்சுப்போயிடுமாமே டாக்டர். போன காரை ஒரு வருஷம்கூட வெச்சுக்கலையே.”

“சலிப்பா? வீட்ல ஆபரேஷன் மேடம். அதுக்காக வித்தேன்.”

மேனேஜர் அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போன வழியே மச்சானின் பார்வையும் வந்து என் மேல் நின்றது. என் மனைவி கையில் காபிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

மச்சான்தான் பேசினான். “அத்தானுக்கு அந்த விஷயம் தெரியாது மேடம்.”

சாதாரணமாகச் சொன்னான். பிறகு கோப்பையைத் தட்டில் வைத்தான், கிளினிக்கில் ஆள் காத்திருப்பார்கள் என்றான், ஆட்டோ பிடித்துப் போய்விட்டான். என்னோடு புதுக் காரில் வீடு வரைக்கும் வருவதாகத்தான் இருந்தது. அதை ஷோரூம் ஆளிடம் ஓட்டிவரச் சொல்லிவிட்டு நானும் மனைவியும் பழைய காரிலேயே திரும்பினோம்.

அக்டோபர் 22

நேற்று வழி முழுக்கப் பேசாமல் வந்தவள் இன்று காலையில் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியாதா?”

நான் செய்தித்தாளை மடித்தேன்.

“அவ ஐசியூல இருந்தப்ப மாத்துத் துணி கொண்டுவந்தது நீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்றேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அக்டோபர் 25

கிளினிக்குக்குப் போனேன். பழைய காரில்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு உள்ளே கூப்பிட்டான். உட்கார அந்த அறையில் நோயாளி நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் சாய முடியாமல் நுனியில் உட்கார்ந்தேன். அவன் முதுகைக் காட்டியபடி கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

சொன்னேன். அன்று ஆபீசில் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், அப்புறம் எத்தனை தடவை ஃபோனை எடுத்து எடுத்து வைத்தேன், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. இனி அவனை அந்த நிறுவனம் கூப்பிடாது என்பதையும் சொன்னேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் குழாயை மூடினான்.

“கார் போனா போகுது அத்தான். அது இரும்பு.”

கையைத் துடைத்துக்கொண்டான்.

“என்னாலதான உங்க கார் போச்சுன்னு அவ இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கா. இப்ப இதுவும் அதே காரணத்தாலதான் போச்சுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா. நீங்க சலிப்புன்னு சொன்னது அவ சீக்கை. அவகிட்ட மட்டும் எதையும் சொல்லிடாதீங்க.”

மன்னிச்சிடுடா என்றேன். எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்காலியிலிருந்து எழவே வரவில்லை.

“சரி. பாத்துப் போங்க” என்றான். பல் பிடுங்கியவர்களிடம் சொல்கிற மாதிரியே சொன்னான்.

நவம்பர் 16

சாவியை ஒரு உறையில் போட்டு அவன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், ஒரு வாரம் வைத்துக்கொள்ளட்டும் என்று. அன்று மாலையே டிரைவர் திருப்பிக் கொண்டுவந்தான். பார்க்கிங் இல்லையாம்.

இருக்கிறது. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 7

ஓட்டிப் பார்த்தேன். சிக்னலில் நின்றால் ஆட்கள் போட்டோ எடுக்கிறார்கள். ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் காட்டினேன். வண்டி அருமையாகத்தான் ஓடுகிறது. அதைச் சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை. மனைவி இதுவரை ஏறவில்லை. இடுப்பு வலி, குனிந்து ஏற முடியாது என்கிறாள். நிபந்தனைப்படி விற்கவும் முடியாது.

ஜனவரி 11

மச்சானின் மனைவி என் மனைவியைப் பார்க்க வந்தாள். தனியாகத்தான். கிளம்பும்போது, பஸ்ஸில் போவதற்குப் பதில் அந்தக் காரில் கொண்டுபோய் விடுவீர்களா என்று கேட்டாள். இன்னும் ஏறியே பார்க்கவில்லையாம். என் மனைவி என்னைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

குழந்தை மாதிரி ஒவ்வொரு பொத்தானாக என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தாள். மஞ்சள் நூலைத் தொட்டுப் பார்த்தாள். இது அவர் தேர்ந்தெடுத்ததுதானே என்றாள். ஆமாம் என்றேன்.

“அப்ப என்னாலதான் அவர் காரை வித்தார்ணா. ஆஸ்பத்திரியிலேயே எவ்வளவு அழுதேன் தெரியுமா. இது நம்ம வீட்டுக்கே வந்ததும்தான் மனசு கொஞ்சம் ஆறுச்சு.”

கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். வழியில் ஒரு சிக்னல்.

“அவர்தான் ஏன்னு தெரியல, இப்பல்லாம் கார் பேச்சே எடுக்கறதில்ல. உங்க வீட்டுக்குக் கூப்பிட்டா வேலை இருக்குங்கறார். உங்களுக்கு ஏதாவது தெரியுமாண்ணா?”

பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“தெரியாதும்மா” என்றேன்.

அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கி, மேலே பார்த்து அவனைக் கூப்பிட்டாள், வந்து பாருங்கள் என்று. மாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த எஞ்சின் சத்தத்தை அவன் தெரு திரும்பும்போதே கண்டுபிடித்திருப்பான்.

ஜன்னலுக்கு யாரும் வரவில்லை. தூங்கிட்டார் போல என்றாள்.