கிரேஸ் வீட்டுப் பழத்தட்டு

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.
வியாழக்கிழமை

அன்பு மகள் கீர்த்திக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. காமாட்சி அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சௌகரியமாக இருக்கிறோம், அதே மாதிரி டப்ளினில் நீயும் அந்த மழையிலும் குளிரிலும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நான்கு வார்த்தை சொல்லிவிடுகிறாய், எனக்கும் அழுகை வந்துவிடுகிறது, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுகிறேன். அடுத்த தெரு மேரியின் மகன் அஜித் லீவு முடிந்து சனிக்கிழமை உங்கள் ஊருக்குத் திரும்புகிறான், அவன் பையில் இரண்டு காட்டன் ரவிக்கையும் வேப்பம்பூவும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இதுவும் வரும். முதலில் கடிதத்தைப் படி, பிறகு பையைப் பிரி.

இங்கே வெயில் கொளுத்துகிறது. கருட சேவைக்கு ஊரே அடைத்துக்கொண்டது, பஸ்ஸெல்லாம் சுற்றிச் சுற்றிப் போனது, நான் போகவில்லை, அப்பாவைத் தனியாக விட மனம் வரவில்லை. தறி இரண்டும் ஓடுகிறது, ஆவணி முகூர்த்தத்துக்கு இப்போதே ஆர்டர் வந்துவிட்டது. அப்பா தறியில் உட்காருவதில்லை, டாக்டர் சொன்னபடி கலர் பார்த்துச் சொல்வதோடு சரி. அவர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவே வேண்டாம், என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அப்பாவின் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு உப்பு, எண்ணெய், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள், அது உனக்குத் தெரியும். அது எனக்கு எப்படி இருந்தது என்பது உனக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த நாள் முதல் உன் அப்பா வெளியில் ஒரு வடை தின்று நான் பார்த்ததில்லை. என் புளிக்காய்ச்சல், மிளகு சீரகம் இடித்துப்போட்ட குடலை இட்லி, வற்றல் குழம்பு, இவ்வளவுதான் அவருக்கு உலகம். ஒரே நாளில் என் சமையல் மொத்தமும் அவருக்கு ஆகாது என்று ஆகிவிட்டது. உப்பில்லாத கஞ்சியை வைத்தால் இரண்டு வாய் எடுத்துவிட்டு எழுந்துவிடுவார். பாவமாக இருக்கிறதே என்று ஓரத்தில் ஒரு துளி ஊறுகாய் வைப்பேன். அதைத்தான் நீ வீடியோ காலில் பார்த்துவிட்டுக் கத்தினாய், நான் போனை வைத்துவிட்டேன். சரி, அது போகட்டும்.

போன மாதம் செக்கப்புக்குப் போனோம். டாக்டரம்மா எடையைப் பார்த்தார், பிரஷரைப் பார்த்தார், ஐயா முகத்துல நல்ல தெளிவு வந்துட்டுது, பழமெல்லாம் குடுக்கறீங்க போல, இப்படியே பண்ணுங்கம்மா என்று என்னைப் பாராட்டினார். நான் எங்கே பழம் கொடுத்தேன்? கஞ்சியைத்தானே கொடுத்தேன், அதையும் அவர் பாதிதானே குடித்தார்? அப்பா சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு நாளில் சாயங்கால நடை முடிந்து வந்தவரின் வெள்ளைச் சட்டையில் மாதுளைச் சாறு. கேட்டேன். நம்ம சிட்டிபாபு வீட்டுல ரெண்டு துண்டு பழம் குடுத்தாங்க, வாணான்னா வுட மாட்டேன்றாங்க என்றார். சிட்டிபாபு என்றால், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனாரே, பாலாற்றுப் பக்கம் நம் தெரு முனையில் புது வீடு கட்டி வந்தவர், அவர். அவர் வீட்டுக்காரி கிரேஸ் தாலுகா ஆபீசில் வேலை செய்கிறாள். உனக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த அதே கிரேஸ் ஆன்ட்டி.

அதோடு விட்டாரா? நான் சட்டையை ஊறவைத்துக்கொண்டிருக்கிறேன், இவர் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தத் தட்டைப் பற்றிப் பேசுகிறார். பப்பாளிக்குப் பக்கத்துல பச்சை திராட்சையை வச்சிக்கீது பாரு அந்தப் பொண்ணு, பொடவையில உடம்பும் பார்டரும் மாதிரி இன்னா அழகா இருக்குது தெரியுமா என்கிறார். நான் இத்தனை வருஷமாக ஆக்கிப்போட்டதற்கு இந்த மனிதர் ஒரு நாள் இப்படி வாய் திறந்திருப்பாரா? வேறு மாதிரி சந்தேகம் என்றால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். அந்த மாதிரி ஒன்றும் கிடையாது, சிட்டிபாபுவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், கிரேஸ் எல்லோரிடமும் தங்கமாகப் பழகுகிறவள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத ஒருத்தியைப் பார்த்து வயிறு எரிவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஈஸ்டருக்கு அவள் கேக் கொடுத்தனுப்பிய டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மறுநாள் சாயங்காலம் போனேன். டேபிள் மேல் பெரிய வெள்ளைப் பீங்கான் தட்டு. நடுவில் மாதுளை முத்து குவித்து, அதைச் சுற்றி மாம்பழத்தைத் தோலோடு கட்டம் கட்டமாகக் கீறி வெளிப்பக்கம் மடக்கி, பூ மாதிரி. அப்புறம் பிறை பிறையாகப் பப்பாளி, நடுநடுவே இரண்டாக நறுக்கிய பச்சைத் திராட்சை, வெளிச்சுற்றில் முக்கோணமாகத் தர்பூசணி, விதைகூட எடுத்திருந்தாள். உன் அப்பா ஃபோர்க்கால் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் கீர்த்தி. ஃபோர்க்கால்! சர்க்கரைப் பொங்கலுக்கு ஸ்பூன் கொடுத்தால் முறைக்கிற மனிதர். வாங்கக்கா உக்காருங்க, நீங்களும் ரெண்டு எடுத்துக்கங்க என்றாள் அவள். எனக்குப் பழம் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கா ஆகாது? வீட்டுக்கு வந்து ஒரு வாழைப்பழத்தை நின்றபடியே தின்றேன், ஆத்திரத்தில் ருசிகூடத் தெரியவில்லை.

விடிந்ததும் முதல் ஆளாக மார்க்கெட்டுக்குப் போனேன். தர்பூசணி, பப்பாளி, மாம்பழம், மாதுளை, கொய்யா, சப்போட்டா, ஆப்பிள், அவள் தட்டில் இல்லாததையும் சேர்த்து வாங்கினேன், தூக்க முடியாமல் ஆட்டோவில் வந்தேன். காலையிலேயே எல்லாவற்றையும் நறுக்கி, பெரிய தாம்பாளத்தில் கொட்டி, ஃபிரிட்ஜில் சாம்பாருக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் எடுத்தால் ஆப்பிள் கறுத்துப்போயிருந்தது, தர்பூசணி தண்ணீர் விட்டுச் சப்போட்டா அதில் மிதந்தது, எல்லாவற்றிலும் பெருங்காய வாசனை. கொய்யாவில் பழக்க தோஷத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவியிருந்தேன். அப்பா தாம்பாளத்தைச் சற்று நேரம் பார்த்தார். செவப்பு பக்கத்துலயே செவப்பு வச்சா எது எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியாது புவனா என்றார், ஏதோ பட்டுநூலைப் பார்த்துச் சொல்வது போல. மரியாதைக்கு இரண்டு துண்டு தின்றார், செருப்பை மாட்டினார், நடக்கப் போய்விட்டார். எங்கே போனார் என்று நான் சொல்ல வேண்டுமா?

பின்னாலேயே போனேன். தெருவில் யார் பார்த்தார்கள், யார் கூப்பிட்டார்கள் எதுவும் தெரியாது. கிரேஸ் அப்போதுதான் மாம்பழத்தில் கத்தியை வைத்திருந்தாள். எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போட நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன் கிரேஸு என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நான் போயி பால் வாங்கியாறேன் என்று சிட்டிபாபு நழுவினார். உன் அப்பா ஃபோர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். கிரேஸ் கத்தியைக் கீழே வைத்தாள், கண் கலங்கிவிட்டது. அக்கா, நானா ஒண்ணும் பண்ணலக்கா, கீர்த்திதான் போன் பண்ணி அழுதுச்சு, அப்பா இளைச்சிக்கினே போறாரு ஆன்ட்டி, அம்மாகிட்ட உப்பைப் பத்திப் பேசுனா போனை வச்சிடறாங்க, நீங்க அவரு நடக்க வரும்போது பழமாவது குடுங்கன்னு சொல்லிச்சு, எப்படி வெட்டணும் எப்படி அடுக்கணும்னு வீடியோகூட அதுதான் அனுப்புது, அம்மாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்கன்னு சொல்ல வேணான்னுச்சு என்றாள்.

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை அந்தத் தட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோக்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உன் கை, உன் வளையல், உன் அடுப்பங்கரை ஜன்னல். ஆன்ட்டி, இப்படிப் பிடிச்சிக்கிட்டு மெதுவா கீறுங்க, அப்பாவுக்கு இந்த நுனிப் பக்கம்தான் பிடிக்கும் என்று நீ சிரித்துப் பேசுகிறாய். எனக்கு ஞாயிற்றுக்கிழமை அவசரமாக ஒரு போன். அவளுக்கு நீ நின்று நிதானமாகப் பழம் வெட்டிக் காட்டுகிறாய். அவருக்கு நுனிப் பக்கம் பிடிக்கும் என்று உனக்குச் சொன்னதே நான்தானே? என் பெண், என் புருஷன், இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் இன்னொருத்தி வீட்டில் ஒரு குடும்பம் மாதிரி இருந்திருக்கிறீர்கள். அன்றைக்கு நான் அப்பாவிடம் பேசவில்லை. உன் போனையும் எடுக்கவில்லை, கோயிலில் இருந்தேன் என்று சொன்னது பொய்.

ஆனால் அவர் தேறியிருக்கிறார், அதை என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பையில் பழத்தையும் அரிவாள்மனையையும் போட்டுக்கொண்டு கிரேஸ் வீட்டுக்குப் போனேன், வெட்டிக் காட்டு என்றேன். அவள் கோபப்படவில்லை, அதுவும் எனக்கு எரிச்சல்தான். சாப்பிடப் போகிற நேரத்துக்குத்தான் நறுக்க வேண்டுமாம். தர்பூசணியை வெட்டிச் சல்லடையில் சற்று நேரம் வைத்தால் தண்ணீர் வடிந்துவிடுமாம். ஆப்பிளைக் கடைசியில் வெட்டி எலுமிச்சைச் சாறு தடவினால் கறுக்காதாம். மாதுளையை நறுக்காமல் மேலே மூடி மாதிரி எடுத்துவிட்டு, வரி தெரிகிற இடத்தில் கீறிப் பிரித்தால் முத்து உடையாதாம். என் அரிவாள்மனையில் பப்பாளி அவள் கத்தியைவிட மெல்லிசாக விழுந்தது, அதை அவளே சொன்னாள். பேச்சுவாக்கில், எங்க பொண்ணு திரிஷா இதோ தாம்பரத்துலதான் இருக்குது, நான் துன்னனா இல்லையான்னு ஒரு நாள் கேட்டதில்ல, உங்க பொண்ணு கடலைத் தாண்டி இருந்துக்கினு அப்பா இன்னா துன்றாருன்னு பாக்குது, உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குதுக்கா என்றாள். மறைக்காமல் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சந்தோஷம் இருந்தது, அப்புறம் அவளை நினைத்து வெட்கமாகிவிட்டது. மறுநாள் அவளுக்கும் கொஞ்சம் பழம் நறுக்கி எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

இப்போது தினமும் சாயங்காலம் நம் வீட்டில்தான் தட்டு. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள், உப்பு கிடையாது. கஞ்சிக்கு ஊறுகாயும் கிடையாது, ஜாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அப்பா முழுதும் சாப்பிடுகிறார். நேற்று, கிரேஸ் வீட்டு மாம்பழம் இன்னும் கொஞ்சம் இனிப்பு என்றார். நானும் அவளும் ஒரே கடையில் ஒரே கூடையில் வாங்கிய பழம். தட்டைக் கொஞ்சம் சத்தமாக எடுத்தேன்.

கீர்த்தி, எனக்கு உன்மேல் கோபம் இல்லை. பொறாமை இருக்கிறது, அது இவ்வளவு சீக்கிரம் போகாது. அப்பாவுக்கு நல்லது நினைத்துத்தான் செய்தாய், அது புரிகிறது. ஆனால் இனி அவரைப் பற்றி எதுவாக இருந்தாலும் என்னிடம் சொல். நான் அழுவேன், போனையும் வைப்பேன். நீ அதற்குப் பயந்து வேறு வீட்டுக்குப் போன் போடாதே. எனக்கே திரும்பப் போடு, எடுக்காவிட்டால் இன்னொரு தடவை போடு. அழுது முடித்த பிறகு நீ சொன்னதை நான் கண்டிப்பாகச் செய்வேன், நான் உன் அம்மா.

உனக்கு எல்லா நலமும் கிடைக்க ஏகாம்பரநாதர் துணையிருக்கட்டும். ராத்திரி வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, அங்கே என்ன பழம் கிடைக்கிறதோ நீயும் ஒரு தட்டு நறுக்கிச் சாப்பிடு. அஜித்திடம் நன்றி சொல். அந்த வீடியோக்கள் எல்லாவற்றையும் என் போனுக்கு அனுப்பு, ஆன்ட்டி என்று கூப்பிடுகிற இடத்தில் அம்மா என்று மாற்றிப் புதிதாக எடுத்து அனுப்பு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
கு. புவனேஸ்வரி