தொங் கடைக் காலி டம்ளர்

கருணைத் தாய் குவான்இம் துணை.

அன்பு மகள் சியூஎங்குக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை பிரசித்தும் சுகமா? இங்கே மழை விடவில்லை, சந்தெல்லாம் தண்ணீர். எனக்குக் கால் வலி. சொல்லி என்ன ஆகப்போகிறது.

தொலைபேசியில் உன்னோடு பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார். வைத்த பிறகு யார் என்று கேட்பதுமில்லை. அதனால்தான் கடிதம்.

பாங்காக் வரும்போது நல்ல குவாய்சாப் மிளகு சூப் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறாய். பெரிய சாலைக் கடையில் வரிசை நிற்கிறது, ஆனால் பன்றிக்குடலைச் சரியாகக் கழுவுவதில்லை. கோயில் பக்கத்துக் கடையில் சுருள் நூடுல்ஸ் பஞ்சு மாதிரி இருக்கும். விலையை ஏற்றி ஈரலைக் குறைத்துவிட்டார்கள், வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியாதா. நீ கேட்டது சூப்பை அல்ல என்பதும் தெரியும். அப்பாவின் சிநேகிதர் தொங் கடைக்கே வா.

அப்பா தினமும் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் போகிறார். பெரிய கிண்ணம் சாப்பிட்டவர், இப்போது சின்னக் கிண்ணத்திலும் பாதி பூனைக்கு. டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுகிறார்.

புத்தாண்டு கழிந்து ஒரு நாள், பொண்ணு எப்போது வருகிறாள் என்று தொங் கேட்டார். "எனக்கு டீ குடுக்காமக் கல்யாணம் கட்டிக்கிட்டவ எப்படிய்யா எம் பொண்ணு?" என்றார் அப்பா. "டீ தானே? இங்க அண்டா நெறைய ஓசியிலயே கெடக்கு. வேணுங்கற மட்டும் குடி, கெழவா" என்றார் தொங். கடையே சிரித்தது.

அன்றிலிருந்து அப்பா அங்கே டீ பிடித்துக்கொள்வதில்லை. நான் பிடித்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார். காலி டம்ளரை மட்டும் எடுத்து எதிரே வைத்துக்கொள்கிறார். அவ்வளவு மிளகையும் தின்றுவிட்டு, தொண்டை எரிய வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கிறார்.

நீங்கள் நம் கல்யாண வழக்கப்படி மண்டியிட்டுப் பெரியவர்களுக்கு டீ கொடுக்காமல், பதிவு அலுவலகத்தோடு கல்யாணத்தை முடித்துக்கொண்டது சரியா தப்பா என்று பேச எனக்கு இனித் தெம்பில்லை. அவர் சொன்னதை உனக்கும் நீ சொன்னதை அவருக்கும் சுமந்து சுமந்து நாக்கே தேய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை கடை கிடையாது. முழுநிலா நாளும் வேண்டாம், அன்று நான் கறிவாடை படும் இடத்துக்குப் போகமாட்டேன். வேறு ஒரு நாள் காலையில் இருவரும் வாருங்கள். எதுவும் பேச வேண்டாம். அந்த டம்ளரை எடுத்து, அண்டாவில் டீ பிடித்து, இரண்டு கையாலும் கொடுங்கள். ஈரத் தரையில் மண்டியிடச் சொல்லமாட்டேன். முழங்கால் தானே மடிந்தால் தடுக்கவும் மாட்டேன்.

அவர் வாங்காவிட்டால், உங்கள் கிண்ணத்தை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். பின்கதவுச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது.

குவான்இம் தாயார் முன் உங்கள் இருவர் பேரிலும் ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன். நோயில்லாமல் இருங்கள்.

எனக்கும் ஒரு டம்ளர் பிடி, மகளே. அன்று நானும்தான் குடிக்கவில்லை.

உன் அம்மா